நின்றால் சூடு, ஓடினால் சரி: ஒரு ரேடியேட்டர் ஃபேன் மோட்டாரை மாற்றிய நிகழ்வு ஆய்வு

வண்டி 11 வயதான 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக். ஓடோமீட்டரில் 1,34,000 கிலோமீட்டர். ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரே ஒரு மின்விசிறி. அதற்கு இரண்டு வேகம். மெதுவான வேகத்துக்கு ஒரு ரெசிஸ்டர் வழியாக மின்சாரம் போகும், முழு வேகத்துக்கு நேராகப் போகும். இரண்டு ரிலே (சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைப் போட்டு அணைக்கும் சுவிட்ச்), ஒரு 40 ஆம்பியர் ஃப்யூஸ். அவ்வளவுதான். இதில் பழுது கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும். எனக்கு ஐந்து வாரம் ஆனது. அதில் நான்கு வாரம் முழுக்க என் தப்பு என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஏசிதான் கெட்டது என்று நினைத்தேன்

ஆரம்பத்தில் எஞ்சின் சூட்டைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போது ஏசி காற்று மெல்ல மெல்ல வெதுவெதுப்பாகும். வண்டி வேகமெடுத்து இரண்டு நிமிடம் ஓடினால் மறுபடி ஜில்லென்று வரும். கேஸ் குறைந்திருக்கும் என்று நானே முடிவு கட்டி, ஏசி வேலை செய்பவரிடம் கொண்டுபோய்க் கேஸ் நிரப்பினேன். அவரும் அளவு கொஞ்சம் குறைவுதான் என்றார். பழைய வண்டி எதிலும் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். இரண்டு நாளில் கதை பழையபடியே ஆனது.

இப்போது யோசித்தால் அந்த அறிகுறியே ஃபேனைத்தான் காட்டியிருக்கிறது. ஏசி கேஸின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கிறது. இரண்டுக்கும் காற்று இழுப்பது அதே விசிறிதான். வண்டி ஓடும்போது எதிர்க்காற்று கிரில் வழியாக உள்ளே வந்து வேலையைப் பார்த்துக்கொள்ளும்; விசிறி தேவையே இல்லை. நிற்கும்போது காற்றை இழுக்க விசிறியை விட்டால் வேறு வழி கிடையாது. காற்றில்லாமல் போனால் கண்டென்சரில் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். சுமார் 30 பாரைத் தொடும்போது பாதுகாப்புக்காக கம்ப்ரஸரே நிறுத்தப்படும். எஞ்சின் சூடாவதற்கு நேரம் பிடிக்கும், ஏனென்றால் அதில் ஐந்தாறு லிட்டர் கூலன்ட், அதாவது எஞ்சினை ஆற வைக்கும் திரவம், இருக்கிறது. கண்டென்சருக்கு அப்படிப்பட்ட பொறுமை இல்லை. அதனால்தான் விசிறி கெட்டால் முதலில் ஏசி அழும், அப்புறம்தான் எஞ்சின்.

நின்றால் சூடு, ஓடினால் சரி என்றால் முதலில் விசிறியைப் பார்க்க வேண்டும். ஓடும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது சூடானால் கூலன்ட், தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் வால்வு), அடைத்துக்கொண்ட ரேடியேட்டர், வாட்டர் பம்ப் என்று அந்தப் பக்கம் போக வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. ஆனாலும் முதல் பத்து நிமிடத்துக்கு இந்தக் கோடு போதும்.

முள் நகர்ந்த நாள்

பத்து நாள் கழித்து ஒரு நெரிசலில் இருபது நிமிடம் மாட்டிக்கொண்டேன். ஏசி வழக்கம்போல் சூடானது. கொஞ்ச நேரத்தில் டெம்பரேச்சர் முள் நடுவை விட்டு நகர்ந்தது. இந்த முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். இப்போதைய பல வண்டிகளில் முள் உண்மையான வெப்பத்தை அப்படியே காட்டாது. சுமார் 75 டிகிரி முதல் 105 டிகிரி வரை ஆடாமல் நடுவிலேயே நிற்கும்படி செய்து வைத்திருப்பார்கள். ஓட்டுநர் வீணாகப் பயப்படக் கூடாது என்பது எண்ணம். அதனால் முள் நகரத் தொடங்கிவிட்டது என்றால், கவலைப்பட வேண்டிய நேரம் ஏற்கெனவே கடந்துவிட்டது.

ஏசியை அணைத்தேன். ஹீட்டரை உச்ச சூட்டிலும் உச்சக் காற்றிலும் வைத்துக் கண்ணாடிகளை இறக்கினேன். ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர். அதற்கென்று தனி விசிறி இருக்கிறது. உள்ளே உட்காருபவருக்கு நரகம், ஆனால் எஞ்சினுக்கு மூச்சு. முள் அப்படியே நின்றது. முதல் சந்தில் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்து, பானெட்டைத் திறந்து வைத்துவிட்டு முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். ரேடியேட்டர் மூடியைத் தொடவே இல்லை. தண்ணீரோடு பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் 107 டிகிரி வாக்கில் கொதிக்கும். மூடி ஒரு பார் அழுத்தம் பிடித்து வைத்திருக்கும்போது அது 125 டிகிரிக்கும் மேல் போனால்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அந்த அழுத்தம் போய்விடும். கொதிக்காமல் அடங்கியிருந்தது அத்தனையும் ஒரே வீச்சில் முகத்துக்கு வரும்.

ஆறியதும் பார்த்தேன். கூலன்ட் அளவு சரி, நிறமும் சரி. மறுபடி ஸ்டார்ட் செய்து சூடாக விட்டேன். மேல் ஹோஸும் கீழ் ஹோஸும் இரண்டுமே சூடாகின. அப்படியென்றால் தெர்மோஸ்டாட் திறக்கிறது, தண்ணீர் சுற்றுகிறது. ஏசி பட்டனை அழுத்தினேன். கம்ப்ரஸர் டக்கென்று பிடித்தது. விசிறி அசையவில்லை.

ரிலே செய்த துரோகம்

அதாவது, ரிலே துரோகம் செய்ததாக நான் நினைத்தது.

ஃப்யூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், நன்றாக இருந்தது. அடுத்து ரிலே. பல வண்டிகளில் ஃபேன் ரிலேயும் ஹாரன் ரிலேயும் ஒரே எண், ஒரே கால் அமைப்பு கொண்டவை. ஒன்றை எடுத்து மற்றதன் இடத்தில் போட்டுப் பார்ப்பது எல்லோருக்கும் தெரிந்த பழைய உத்தி. நானும் ஃபேனின் மெதுவேக ரிலேயையும் ஹாரன் ரிலேயையும் இடம் மாற்றினேன். ஃப்யூஸ் பெட்டியின் மூடி இறுக்கமாக இருந்ததால் உள்ளங்கையால் இரண்டு குத்து குத்தி மூடினேன். பானெட்டைத் தூக்கிய உயரத்திலிருந்து அப்படியே விட்டேன். உள்ளே உட்கார்ந்து ஏசியைப் போட்டேன்.

விசிறி ஓடியது.

அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த சந்தோஷம் இருக்கிறதே, அதுதான் அடுத்த ஒன்பது நாளைக் கெடுத்தது. ரிலேதான் பழுது, கண்டுபிடித்தாயிற்று, புது ரிலே வாங்கிப் போட வேண்டும் என்று மனதில் குறித்துக்கொண்டேன். ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளவே இல்லை: பழுதான ரிலே இப்போது ஹாரனில் அல்லவா இருக்கிறது? ஒன்பது நாளும் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வண்டி ஓட்டினேன். ஒரு முறைகூடத் தவறாமல் அடித்தது.

பத்தாவது நாள் முள் மறுபடி நகர்ந்தது.

ஒரு ஸ்க்ரூ டிரைவரின் பிடி

இந்த முறை அனுபவமுள்ள ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவரிடம் போனேன். கதையை முழுக்கச் சொன்னேன். ரிலே வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“ரிலே மாத்தினதும் ஓடுச்சா, பானெட்டை மூடினதும் ஓடுச்சா?”

“ரெண்டும் ஒரே நேரம்தானே அண்ணே.”

“அப்போ எதுனால ஓடுச்சுன்னு எப்படித் தம்பி சொல்றீங்க?”

எனக்குப் பதில் வரவில்லை. அவர் எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லி, கூலன்ட் வெப்பத்தைப் பார்க்கும் சென்சாரின் கனெக்டரைக் கழற்றினார். பல வண்டிகளில் அந்த சென்சார் இல்லையென்று தெரிந்தால் எஞ்சினின் கம்ப்யூட்டர் ஆபத்துக்கு இடம் கொடுக்காமல் விசிறியை முழு வேகத்தில் ஓட்டச் சொல்லும். உள்ளே ரிலே டிக்கென்று இழுத்த சத்தம் கேட்டது. விசிறி அசையவில்லை. அவர் நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் தலைகீழாகப் பிடித்து, அதன் மரப் பிடியால் மோட்டாரின் முதுகில் ஒரு தட்டு தட்டினார். விசிறி விர்ரென்று எடுத்தது.

அப்போதுதான் எல்லாம் பொருந்தி வந்தது. மோட்டார் ஷ்ரவுட்டில் (விசிறியைச் சுற்றியிருக்கும் கூட்டில்) மாட்டியிருக்கிறது, ஷ்ரவுட் ரேடியேட்டரில், ரேடியேட்டர் முன் குறுக்குச் சட்டத்தில். பானெட்டின் பூட்டு விழுவதும் அதே சட்டத்தின் மேல்தான். நான் அன்று பானெட்டை வீசி மூடியபோது மோட்டாருக்கு விழுந்ததும் இதே தட்டுதான். ரிலே அப்பாவி.

இந்த வகை மோட்டார்களில் சுழலும் பாகத்துக்கு மின்சாரம் கொண்டுபோவது இரண்டு கார்பன் பிரஷ். ஸ்பிரிங் தள்ள, அவை காமுடேட்டர் என்ற செம்புப் பட்டைகளின் மேல் உரசிக்கொண்டே இருக்கும். ஆண்டுக்கணக்கில் உரசிக் குட்டையாகிவிட்டால் ஸ்பிரிங்கின் கை எட்டாது. மோட்டார் எந்த இடத்தில் நின்றது என்பதைப் பொறுத்து அடுத்த முறை ஓடும் அல்லது ஓடாது. தட்டினால் பிரஷ் ஒரு முடி அளவு நகரும். தொடுப்புக் கிடைத்ததும் ஓடத் தொடங்கும். ஓடத் தொடங்கிவிட்டால் பெரும்பாலும் நிற்காது.

ஃப்யூஸ் போகாமல் இருந்ததும் ஒரு துப்புதான், நான் தவறவிட்டது. மோட்டார் இறுகிப்போய்ச் சுற்றவே முடியாமல் நின்றிருந்தால் மின்சாரம் கட்டுக்கடங்காமல் பாய்ந்து ஃப்யூஸை எரித்திருக்கும். ஃப்யூஸ் நலமாக இருக்கிறது, ரிலே இழுக்கிறது, மோட்டார் ஓடவில்லை என்றால் எங்கோ வழி அறுந்திருக்கிறது என்று பொருள்.

12.5 வோல்ட் என்ற பொய்

மோட்டார்தான் என்று தெரிந்ததும் நான் கிளம்பத் தயாரானேன். “இன்னும் பாதிதான் பார்த்திருக்கோம்” என்றார் அவர்.

நான் முன்பே மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்துப் பார்த்திருந்தேன். 12.5 வோல்ட் காட்டியது. வயரிங் சுத்தம் என்று முடிவு செய்திருந்தேன். இதுதான் என் இரண்டாவது தப்பு. மல்டிமீட்டர் அளக்கும்போது கிட்டத்தட்ட மின்சாரமே இழுக்காது. வயரில் ஒரே ஒரு இழை மிச்சமிருந்தாலும், கனெக்டரின் பின் கரிந்து போயிருந்தாலும் மீட்டருக்கு அதே 12.5 வோல்ட் போய்ச் சேரும். குழாயில் அடைப்பு இருந்தாலும் அதை மூடி வைத்திருக்கும்போது அழுத்தம் சரியாகத்தான் காட்டும். திறந்து விட்டால்தான் சொட்டுவது தெரியும். அதனால் வோல்ட்டை லோடு கொடுத்து, அதாவது மின்சாரத்தை ஓடவிட்டுத்தான் அளக்க வேண்டும். கையில் வேறு எதுவும் இல்லையென்றால் ஒரு 55 வாட் ஹெட்லைட் பல்பைக் கனெக்டரில் கொடுத்துப் பார்க்கலாம். அது நான்கரை ஆம்பியர் வாக்கில் இழுக்கும். பளிச்சென்று எரிந்தால் ஓரளவு நம்பலாம்.

அவர் பல்பு வரை போகவில்லை. விசிறி ஓடிக்கொண்டிருக்கும்போதே, கனெக்டரைக் கழற்றாமல், அதன் பின்பக்கம் வழியாக மெல்லிய ஊசி முனைகளை நுழைத்து அளந்தார். பேட்டரியில் 14.1 வோல்ட். மோட்டாரின் கால்களில் 11.6. நடுவில் இரண்டரை வோல்ட் காணவில்லை. பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து மோட்டாரின் பாசிட்டிவ் வரை ஒரு அளவு, மோட்டாரின் எர்த்திலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரை ஒரு அளவு எடுத்தார்: 2.1 வோல்ட்டும் 0.4 வோல்ட்டும். பாசிட்டிவ் பக்கம் அரை வோல்ட்டுக்குள்ளும் எர்த் பக்கம் 0.2 வோல்ட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அப்புறம் கனெக்டரின் இரு புறமும் முனைகளை வைத்தார். அந்த ஒரு பாசிட்டிவ் பின்னில் மட்டும் 1.6 வோல்ட் தொலைந்துகொண்டிருந்தது.

டிசி (நேர் மின்சாரம்) அளக்கும் கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டியபோது 23 ஆம்பியர். சாதாரண மல்டிமீட்டரை இங்கே நடுவில் சேர்த்து அளக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அவற்றில் பெரும்பாலானவற்றின் உச்சம் 10 ஆம்பியர்தான். உள்ளே இருக்கும் ஃப்யூஸ் போகும், அல்லது மீட்டரே போகும். கிளாம்ப் மீட்டரிலும் வீட்டு மின்சாரம் போன்ற மாறுதிசை மின்சாரத்தை மட்டும் அளக்கும் வகை உதவாது.

1.6 வோல்ட், 23 ஆம்பியர். பெருக்கினால் 37 வாட் வருகிறது. அதாவது என் விரல் நுனி அளவு கனெக்டருக்குள் ஒரு சாலிடரிங் அயர்ன் எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினை அணைத்துக் கழற்றினோம். இரண்டு முறை இழுத்தும் வரவில்லை, மூன்றாவது முறை சிறு முனகலோடு வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய பிளாஸ்டிக் ஒரு பக்கம் தேன் நிறமாகி, பின்னைச் சுற்றி உருகி வழிந்து உறைந்திருந்தது. பின்னின் பளபளப்பு போய்க் கத்தரிப்பூ நிறமும் கறுப்புமாக இருந்தது.

எது காரணம், எது விளைவு

இங்கே இரண்டு பழுது இருக்கிறது என்று சொன்னால் பாதி உண்மை. எதிலிருந்து எது வந்தது என்று தெரிய வேண்டும், இல்லையென்றால் ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு மூன்று மாதத்தில் திரும்ப வர வேண்டியிருக்கும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பார்த்தேன். நல்ல மோட்டார் விரலால் தள்ளினால் லேசான காந்த நெருடலோடு சீராகச் சுற்றும். இது ஒரு இடத்தில் கனமாக, மணல் அரைபடுவதுபோல் உரசியது. இறக்கையின் நுனியைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்தால் தண்டு ஆடியது. ஆக, தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிட்டது. உள்ளே ஊறியிருந்த எண்ணெய் சூட்டிலும் தூசியிலும் காய்ந்து போயிருக்கும். புஷ் இறுக்கிப் பிடித்தால் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுக்கும். கூடுதல் மின்சாரம் கனெக்டரைச் சூடாக்கும். சூட்டில் பின்னின் பிடிமானம் தளரும், முலாம் கருகும், தடை ஏறும், மறுபடி சூடு ஏறும். மோட்டாருக்கு வோல்ட் குறைவதால் விசிறி மெதுவாகச் சுற்றும். அதே அளவு ஆற வைக்க அதிக நேரம் ஓடும். பிரஷ் இன்னும் வேகமாகத் தேயும். ஆரம்பித்து வைத்தது மோட்டார். கனெக்டர் அடி வாங்கியது. ஆனால் கரிந்த கனெக்டரோடு புது மோட்டாரை மாட்டினால் அதுவும் முதல் நாளிலிருந்தே அரைப்பட்டினியில்தான் ஓடும்.

வாங்கும்போது பார்த்தவை

இறக்கை, ஷ்ரவுட் எல்லாம் சேர்ந்த முழு செட்டாகவும் கிடைக்கும், தனி மோட்டாராகவும் கிடைக்கும். ஷ்ரவுட் விரிசல் இல்லாமல் இருந்ததால் மோட்டார் மட்டும் வாங்கினேன். இறக்கையில் கீறல் இருந்திருந்தால் யோசிக்காமல் முழு செட்டுக்குப் போயிருப்பேன். விரிசல் விட்ட இறக்கை ஓடும்போது உடைந்தால் பக்கத்தில் இருக்கும் ரேடியேட்டரையும் கிழித்துவிடும். மோட்டாரை ஒப்பிடும்போது வாட், தண்டின் வடிவம், மூன்று போல்ட் துளைகளின் இடைவெளி, கனெக்டர் எல்லாம் பார்த்தேன். எல்லோரும் மறப்பது சுழலும் திசை. நானும் மறந்தேன். நல்லவேளை, பழைய மோட்டார் ஓடும்போது எலக்ட்ரீஷியன் ஷ்ரவுட்டில் சாக்பீஸால் ஒரு அம்புக்குறி போட்டு வைத்திருந்தார்.

புது மோட்டாரை வீட்டில் வெறும் தரையில் வைத்து பேட்டரியைத் தொட்டபோது அது தவளைபோல் துள்ளிப் பக்கத்தில் இருந்த கிண்ணத்தைக் கவிழ்த்தது. கிளம்பும் நேரத்து உதறலைப் பற்றிப் படித்திருந்தேன், நம்பவில்லை. பிறகு வைஸில் கவ்விப் பார்த்ததில், பழைய வயர் நிறத்துக்கு நிறம் சேர்த்தால் தண்டு அம்புக்குறிக்கு எதிராகச் சுற்றியது. நிரந்தரக் காந்த மோட்டார் என்பதால் பாசிட்டிவையும் நெகட்டிவையும் மாற்றிக் கொடுத்தால் திசை மாறிவிடும். அதை கனெக்டர் மாற்றும்போதே சரிசெய்துகொள்ளலாம். கவனிக்காமல் மாட்டியிருந்தால் விசிறி ஓடும், சத்தமும் வரும், எஞ்சின் சூட்டை முன்னால் தள்ளிக்கொண்டிருக்கும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றோடு மல்லுக்கட்டும். கண்டுபிடிக்கப் பைத்தியம் பிடித்திருக்கும்.

கழற்றி மாட்டியது

எஞ்சின் முழுக்க ஆறியபின்தான் ஆரம்பித்தேன். முதல் வேலை பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவது. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாக ஓடும். கை உள்ளே இருக்கும்போது அது நடக்க வேண்டாம்.

காற்று வடிகட்டிக்குப் போகும் குழாய், மேல் மூடி எல்லாம் ஐந்து நிமிட வேலை. இந்த வண்டியில் ஷ்ரவுட் மேலே வரும் வழியில் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் குறுக்கே நிற்கிறது. சுத்தமான தட்டில் ஒன்றரை லிட்டர் கூலன்டை வடித்துவிட்டு அதைக் கழற்றினேன். தட்டை உடனே மூடி உயரத்தில் வைத்தேன். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும் விஷம். நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய்விடும்.

ஷ்ரவுட்டை நான்கு 10 மில்லிமீட்டர் போல்ட்டுகள் பிடித்திருந்தன. எடுப்பதற்கு முன் ரேடியேட்டருக்கும் ஷ்ரவுட்டுக்கும் நடுவில் ஒரு அட்டையைச் செருகினேன். ரேடியேட்டரின் ஃபின்கள், அதாவது மெல்லிய தகடுகள், காகிதம் மாதிரி. ஷ்ரவுட்டின் மூலை பட்டால் பத்து இருபது ஒரே கோட்டில் மடங்கிவிடும். வேலை முடிந்து அட்டையை எடுத்தபோது அதில் இரண்டு ஆழமான கீறல்கள் இருந்தன. அவை ரேடியேட்டரில் விழுந்திருக்க வேண்டியவை.

இறக்கையின் நடு நட்டுதான் அதிக நேரம் எடுத்தது. வழக்கமான பக்கம் திருகினேன், வரவில்லை. துருவெடுக்கும் எண்ணெய் தெளித்துப் பத்து நிமிடம் விட்டு மறுபடி திருகினேன். இறக்கை வளையத் தொடங்கியதும் சந்தேகம் வந்து நின்றேன். நட்டின் மேல் விளக்கைப் பிடித்துப் பார்த்தால் மரை எதிர்ப்பக்கம் சரிந்திருந்தது. இடது மரை. விசிறி சுற்றச் சுற்ற நட்டு கழன்றுவிடாமல் இறுகிக்கொண்டே இருக்க இப்படிச் செய்திருக்கிறார்கள். வலப்பக்கம் திருகியதும் வெண்ணெய்போல் வந்தது. இன்னும் கொஞ்சம் பலம் கொடுத்திருந்தால் முழு செட்டு வாங்கப் போயிருப்பேன்.

ஒரு இறக்கையின் விளிம்பில் சின்ன உலோகக் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. ஏதோ குப்பை என்று பிடுங்கப் போனேன். அது எடைச் சமன் கிளிப். அது போனால் விசிறி அதிரும், புது மோட்டாரின் புஷ்ஷுக்கு அதுவே எமன்.

கனெக்டருக்கு வயரோடு வரும் புதுத் துண்டு கிடைத்தது. பழைய வயரை வெட்டியபோது உள்ளே செம்பு கறுத்திருந்தது. ஒவ்வொரு சென்டிமீட்டராக வெட்டிக்கொண்டே போனேன். ஏழு சென்டிமீட்டர் தாண்டியபின்தான் மினுமினுக்கும் செம்பு தெரிந்தது. பழைய வயரின் தடிமனுக்குக் குறையாத வயர்தான் சேர்க்க வேண்டும். அழுத்தி இணைக்கும் ஸ்லீவ் போட்டு, இழுத்துப் பார்த்து, மேலே சூட்டில் சுருங்கும் உறை போட்டேன். சாலிடர் வைப்பவர்களும் உண்டு. அதிர்வு இருக்கும் இடத்தில் சாலிடர் முடியும் விளிம்பில் வயர் ஒடிவதைப் பார்த்திருப்பதால் எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை.

திரும்ப மாட்டியது சொல்லும்படி ஒன்றுமில்லை. கூலன்டை நிதானமாக ஊற்றி, ஹீட்டரைச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும் வரை ஓடவிட்டு, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்து காற்றை வெளியேற்றினேன். இதில் சோம்பல் கூடாது. வெப்ப சென்சார் இருக்கும் இடத்தில் காற்றுக் குமிழ் தங்கிவிட்டால், எஞ்சின் கொதித்தாலும் சென்சாருக்குச் சரியாகத் தெரியாது. புது விசிறி சும்மா நிற்கும்.

சரியானதா என்று பார்த்தது

விசிறி ஓடியது. ஆனால் ஒரு முறை ஏமாந்தவன் நான், ஓடியதை மட்டும் நம்புவதாக இல்லை.

முதலில் ஒரு தாளை எடுத்து முன் கிரில்லில் வைத்தேன். கையை எடுத்தபின்னும் ஒட்டிக்கொண்டு நின்றது. திசை சரி. முழு வேகத்தில் மின்சாரம் 14 ஆம்பியர். பழையதை விட 9 குறைவு, காற்றோ கண்கூடாக அதிகம். பேட்டரியில் 14.2 வோல்ட், மோட்டாரில் 13.7. பாசிட்டிவ் பக்கம் இழப்பு 0.4, எர்த் பக்கம் 0.1. எர்த் பக்கம் குறைந்ததற்குக் காரணம், கனெக்டரில் அந்தப் பின்னும் புதிதானதுதான். அரை மணி ஓடியபின் கனெக்டரைத் தொட்டுப் பார்த்தேன். பக்கத்து ஹோஸை விடக் குளிர்ச்சியாக இருந்தது.

எஞ்சின் கம்ப்யூட்டரின் அளவுகளைப் படித்துக் காட்டும் ஓபிடி ரீடரைச் செருகி, ஏசி இல்லாமல் நிறுத்தி வைத்தே ஓடவிட்டேன். கூலன்ட் 97 டிகிரி தொட்டதும் மெதுவேகம் வந்தது, 92க்கு இறங்கியதும் நின்றது. மறுபடி 97. மூன்று சுற்று இதே தாளம். ஏசியைப் போட்டு நாற்பது நிமிடம் நின்ற இடத்திலேயே ஓட்டியும் 98 டிகிரியைத் தாண்டவில்லை, உள்ளே காற்றும் சூடாகவில்லை. டாஷ்போர்டு முள் நடுவிலேயே நின்றது. அதற்கு நான் மதிப்பெண் கொடுக்கவில்லை.

அன்று மாலை பழைய மோட்டாரின் முதுகைச் சுற்றி மடித்திருந்த விளிம்பை விரித்துப் பிரித்தேன். கறுப்புப் பொடி கொட்டியது. ஒரு பிரஷ் இன்னும் பாதி மிச்சம். மற்றது கூட்டுக்குள் முழுக்கப் போயிருந்தது. அதன் பின்னால் இருக்கும் செம்புப் பின்னல் வயர் இழுத்துப் பிடிக்க, ஸ்பிரிங் தள்ள முடியாமல் நின்றது. காமுடேட்டரில் ஒரு விரல் அகலத்துக்குப் பள்ளம், நான்கு பட்டைகள் தீய்ந்து கறுப்பு. முன் புஷ்ஷின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருந்தது. பிரஷ் மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பவர்களுக்கு இந்த முட்டைதான் பதில். புஷ் நன்றாக இருந்து பிரஷ் மட்டும் தேய்ந்த மோட்டார் என்றால் நானே பிரஷ் மாற்றியிருப்பேன்.

இதெல்லாம் நடந்து பதினான்கு மாதம் ஆகிறது. போன வாரம் மறுபடி அளந்தேன்: 14.5 ஆம்பியர், பாசிட்டிவ் பக்க இழப்பு அதே 0.4 வோல்ட். மெதுவேக ரிலேயின் இடத்தில் வண்டியோடு வந்த ஹாரன் ரிலே இருக்கிறது. நான் பழி சுமத்திய அந்த ரிலே ஹாரனில்தான் இன்னும் இருக்கிறது. புதுசு வாங்கவே இல்லை. அழுத்தும்போதெல்லாம் அடிக்கிறது.